அப்பாவுக்குத் தண்ணீர் இறங்கவில்லை, மகனுக்குப் பேச்சு வரவில்லை: வாசகர் கேள்விகளுக்கு ஒரு ஸ்பீச் தெரபிஸ்டின் பதில்கள்

ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் பேச வைப்பவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விழுங்க முடியாதவர்களுக்கும், பால் குடிக்கத் திணறும் பச்சிளங்குழந்தைகளுக்கும் பயிற்சி தருவது நாங்கள்தான். பேசுவதும் விழுங்குவதும் ஒரே உதடு, ஒரே நாக்கு, ஒரே தொண்டையின் வேலை. வந்த கேள்விகளில் விழுங்குவது பற்றியவற்றுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். அங்கே தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

என் அப்பாவுக்கு வயது 68. ஒன்றரை மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. கை, கால் ஓரளவு தேறிவிட்டது. இட்லி நன்றாகச் சாப்பிடுகிறார். தண்ணீர் குடித்தால் மட்டும் இருமுகிறார். "யாரோ நினைக்கிறாங்க" என்று அம்மா தலையில் தட்டுகிறார். தானாகச் சரியாகிவிடுமா?
(மகள், திண்டுக்கல்)

ஒரு நாள் புரையேறினால் விட்டுவிடலாம். ஒவ்வொரு முறையும் என்றால் விடக்கூடாது. இட்லி இறங்குகிறதே, தண்ணீர் எப்படி இறங்காமல் போகும் என்று உங்களுக்குத் தோன்றும். தண்ணீர்தான் கஷ்டம். அது வேகமாக ஓடும். நாக்கு அதைத் திரட்டிப் பின்னால் தள்ள வேண்டும், அதற்குள் குரல்வளை மேலே எழும்பி மூச்சுப் பாதை மூடிக்கொள்ள வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு இந்த மூடல் ஒரு கணம் பிந்தினாலும் சில துளிகள் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இட்லி மெதுவாக நகர்வதால் தொண்டைக்கு நேரம் கிடைக்கிறது.

அப்பா இருமுகிறார் என்பது ஒரு வகையில் நல்ல செய்தி. எனக்கு அதிக பயம் இருமாதவர்களைப் பற்றித்தான். சிலருக்குத் தொண்டையின் உணர்வு மங்கிவிடும், தண்ணீர் உள்ளே போவதே தெரியாது. குடித்தபின் குரல் ஈரமாக, கொழகொழவென்று கேட்பது, சாப்பாட்டுக்குப் பின் மூச்சு வாங்குவது, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், எடை குறைவது, இவையெல்லாம் அதன் அடையாளங்கள். நிமோனியா வந்த பிறகுதான் பல வீடுகளில் இது தெரியவருகிறது.

இன்றே மாற்ற வேண்டியவை சில உண்டு. முதலாவது, அண்ணாந்து குடிப்பது. வாயில் படாமல் சொம்பைத் தூக்கி ஊற்றிக்கொள்வது நம் வழக்கம். பக்கவாதம் வந்தவருக்கு அது மிக மோசமான நிலை: தலை பின்னால் சாயும்போது தண்ணீர் தானாகவே தொண்டைக்கு ஓடுகிறது, மூச்சுப் பாதை மூடுவதும் கடினமாகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, அகன்ற வாயுள்ள டம்ளரில், தலையைத் தூக்காமல் ஒவ்வொரு வாயாகக் குடிக்கட்டும். படுக்கையில் சாய்ந்தபடி வேண்டாம். சாப்பிட்ட பின் அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும். இருமும்போது தலையில் தட்டாதீர்கள், முதுகிலும் குத்தாதீர்கள். லேசாக முன்னால் குனிந்து அவரே இருமி முடிக்கட்டும். இருமல் நிற்கும்வரை தண்ணீர் நீட்டக் கூடாது. ரசம் சாதமும் இப்போதைக்கு வேண்டாம். பருக்கை வாயில் இருக்கும்போதே ரசம் முந்திக்கொண்டு ஓடிவிடும். குழையப் பிசைந்த பருப்பு சாதமோ, கெட்டித் தயிர் சாதமோ கொடுக்கலாம்.

அப்புறம் பரிசோதனை. பேரியம் கலந்த உணவை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரே வீடியோ எடுப்பார்கள். அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு விழுங்குவதைப் பார்ப்பார்கள். எது எங்கே தவறுகிறது என்பது அதில் தெரிந்தால்தான் எந்தப் பயிற்சி, எந்தப் பதம் என்று சொல்ல முடியும். தண்ணீரைக் கெட்டியாக்கச் சொன்னால், எவ்வளவு கெட்டி என்று எண்ணோடு கேட்டு வாங்குங்கள். உணவு, பானம் இரண்டின் பதத்தையும் குறிக்கும் ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற சர்வதேச அளவுகோலில் 0 முதல் 7 வரை நிலைகள் இருக்கின்றன. பானங்களை வீட்டிலேயே ஒரு சிரிஞ்சை வைத்துச் சோதிக்கலாம். 10 மி.லி. சிரிஞ்ச், அதில் 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மி.மீ. இருக்க வேண்டும். உள்தண்டை உருவிவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 மி.லி. வரை நிரப்புங்கள். விரலை எடுத்து 10 நொடி ஓடவிட்டு மறுபடி அடையுங்கள். 1 முதல் 4 மி.லி. வரை மிஞ்சினால் நிலை 1. 4 முதல் 8 என்றால் நிலை 2. 8க்கு மேல் மிஞ்சினால் நிலை 3. ஒரு சொட்டுகூட வடியாவிட்டால் நிலை 4.

கேழ்வரகுக் கஞ்சி போதாதா என்று கேட்பீர்கள். மாவுச்சத்தால் வரும் கெட்டி எச்சில் பட்டால் நீர்த்துவிடும். ஊட்டிய ஸ்பூனையே திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால், பத்து நிமிடத்தில் கஞ்சி தண்ணீராகிவிட்டதை நீங்களே பார்க்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் சாந்தன் கம் பொடியில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கெட்டித் தண்ணீர் யாருக்கும் பிடிப்பதில்லை, குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். நாள் முழுக்க எவ்வளவு உள்ளே போகிறது, சிறுநீர் எவ்வளவு போகிறார் என்று கவனியுங்கள். வாயைக் காலை, இரவு இரண்டு வேளையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். மூக்கில் ட்யூப் போட்டிருப்பவர்களுக்கும் இது கட்டாயம். அழுக்கு வாயிலிருந்து எச்சிலோடு இறங்கும் கிருமிகளும் நிமோனியாவுக்குக் காரணம். மாத்திரையைப் பொடிப்பதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள், சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது.

33 வாரத்தில் பிறந்த குழந்தை. ட்யூபை எடுத்துவிட்டார்கள். பாலாடையில் குடிக்கிறாள். மார்பில் போட்டால் இரண்டு நிமிடத்தில் தூங்கிவிடுகிறாள். பால் போதவில்லையா?
(தாய், கும்பகோணம்)

உங்கள் பாலில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒன்றோடொன்று இணைந்து நடக்கும் திறமை சுமார் 34 வாரத்தில்தான் கைகூடத் தொடங்குகிறது. உங்கள் குழந்தை இன்னும் பழகிக்கொண்டிருக்கிறாள், சீக்கிரம் களைத்துப்போகிறாள். மார்பில் கொஞ்ச நேரம், மிச்சத்தைக் கறந்து பாலாடையில் என்று போகட்டும். வெற்று மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பை விடாதீர்கள்.

பாலாடையை ஊற்றும் பாத்திரமாக நினைக்காதீர்கள். குழந்தையின் தலையை உயர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை அவள் உதட்டோரத்தில் வைத்துக் காத்திருங்கள். அவள் உதட்டை அசைத்து உறிஞ்சட்டும். விழுங்கி மூச்சு விட்டபின் அடுத்த வாய். விரல்களை விரித்துக்கொள்வது, புருவம் உயர்வது, மூக்கு விடைப்பது, பால் கடைவாயில் வழிவது, இதெல்லாம் "போதும், நிறுத்து" என்று அவள் சொல்வது. உதட்டைச் சுற்றி நீலம் பாய்ந்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது, சளி எடுக்கிறேன் என்று வாயில் விரல் விடுவது இரண்டையும் யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் சளியாக வெளியே வராது, அங்கேயே தங்கிப் புண்ணாக்கும். பாலைக் கெட்டியாக்கும் பொடியும் வேண்டாம். குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு அப்படியொரு பொடியைத் தரவே கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011இல் எச்சரித்தது.

பையனுக்கு 2 வயது 3 மாதம். அம்மா, அப்பா தவிர வார்த்தை இல்லை. நாங்கள் சொல்வது புரிகிறது. "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்கிறார் மாமியார். வசம்பு தடவச் சொல்கிறார்கள். நாக்கு ஒட்டியிருக்கிறதோ என்றும் சந்தேகம்.
(தாய், மதுரை)

2 வயதில் 50 வார்த்தைகளாவது, "அம்மா வா", "பால் குடு" என்று இரண்டு சொல் சேர்ந்தும் எதிர்பார்க்கிறோம். ஆண் குழந்தைகள் கொஞ்சம் பிந்துவது உண்மை. ஆனால் அந்த வித்தியாசம் சில வாரம், ஒன்றிரண்டு மாதம். இரண்டே வார்த்தையோடு நிற்பதற்கு அது காரணமாகாது. மாமியார் அன்பாகச் சொல்கிறார், இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

முதலில் காது. கதவு தட்டினால் திரும்புகிறான், அதனால் கேட்கிறது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஒரு சில ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தைகள் உண்டு. ஓ.ஏ.இ., பெரா என்ற காது கேட்கும் பரிசோதனைகளைத் தூங்கும்போதே எடுத்துவிடலாம். அடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பார்க்கிறானா, வேண்டியதை விரலால் காட்டுகிறானா, இருந்த வார்த்தை எதுவும் போய்விட்டதா என்று பாருங்கள். இதில் ஒன்று சரியில்லை என்றாலும் இந்த வாரமே காட்டுங்கள். மருத்துவக் கல்லூரி, மாவட்ட அரசு மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.

வசம்பு பேச்சைக் கொண்டுவராது. அதிலுள்ள, புற்றுநோய் அபாயமுள்ள ஆசரோன் என்ற பொருளுக்காக அதை உணவில் சேர்ப்பதை அமெரிக்கா 1968இலேயே தடை செய்தது. நாக்கின் அடிச் சவ்வு குட்டையாக இருப்பதுதான் நாக்கு ஒட்டு. அது சில குழந்தைகளுக்குப் பால் குடிப்பதில் சிரமம் தரும், சில எழுத்துகளின் உச்சரிப்பைத் தொடலாம். வார்த்தையே வராததற்கு அது காரணம் இல்லை. அறுத்துவிட்டால் பேசிவிடுவான் என்று செலவு செய்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

வீட்டில் என்ன செய்வது? "இது என்ன, சொல்லு" என்று கேட்பதை நிறுத்துங்கள். அவன் உயரத்துக்குக் கீழே உட்காருங்கள். தோசையையும் வாழைப்பழத்தையும் இரண்டு கையில் காட்டி, "தோசையா? பழமா?" என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். பெற்றோருக்கு இதுதான் மிகக் கடினம். "ப" என்றாலும், கை நீட்டினாலும் அது பேச்சுதான். "பழம்! பழம் வேணும்" என்று சொல்லிக் கொடுங்கள். இரண்டு மொழி பேசும் வீடு என்றால் எதையும் நிறுத்த வேண்டாம், மொழிகளால் தாமதம் வராது. செல்போனுக்கு, 2 வயது வரை திரையே வேண்டாம், 2 முதல் 5 வரை ஒரு மணி நேரத்துக்குள் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டல். சாப்பாட்டு நேரத்தில் அறவே வேண்டாம்.

மகளுக்கு 3 வயது. இன்னும் மிக்ஸியில் அரைத்துத்தான் கொடுக்கிறேன். ஒரு பருக்கை தெரிந்தாலும் குமட்டுகிறாள்.
(தாய், கோவை)

மெல்லுவது பழகி வருவது. பழகும் வயது 7, 8 மாதம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதிக் குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்த ஆய்வு ஒன்றில், 9 மாதத்துக்குப் பிறகே கட்டியுள்ள உணவைத் தொடங்கிய குழந்தைகளுக்கு 7 வயதிலும் சாப்பாட்டுத் தகராறு அதிகம் இருந்தது. பிந்திவிட்டது, சரி, இப்போதும் பழக்கலாம், மாதக்கணக்கில் ஆகும். மிக்ஸியிலிருந்து நேரே பருக்கைக்குப் போகாதீர்கள். மிக்ஸியில் ஓடவிடும் நேரத்தைக் குறையுங்கள், பிறகு மத்தால் கடையுங்கள், பிறகு கையால் பிசையுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு வாரம், இரண்டு வாரம் நில்லுங்கள். தனியாக, விரல் நீளத்துக்கு வேகவைத்த கேரட்டை அவள் கையிலேயே கொடுத்து, கடைவாயில் வைத்துக் கடிக்கப் பழக்குங்கள். துப்பினால் துப்பட்டும்.

குமட்டல் வேறு, மூச்சடைப்பு வேறு. குமட்டும்போது சத்தம் வரும், நாக்கு வெளியே வரும். மூச்சடைத்தால் சத்தமே வராது. அதனால் பக்கத்தில் இருங்கள். வேர்க்கடலை, முழு திராட்சை, பாப்கார்ன் கொடுக்காதீர்கள். கால் தொங்காமல் எதன் மீதாவது ஊன்றி உட்காரட்டும். அரை மணியில் தட்டை எடுத்துவிடுங்கள். மூக்கைப் பிடித்து, கையைக் கட்டி ஊட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அப்படி ஊட்டப்பட்ட குழந்தை ஸ்பூனைப் பார்த்தாலே வாயை இறுக்கிக்கொள்கிறது, அதை மாற்ற எங்களுக்கு மாதங்கள் ஆகின்றன. எடை ஏறாவிட்டால், சாப்பிடும்போது இருமினால், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

4 வயதுப் பேரன் இரண்டு மாதமாகத் திக்குகிறான். கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொல்லலாமா?
(தாத்தா, தஞ்சாவூர்)

வேண்டாம் ஐயா, விழுங்கிவிடுவான். 2 முதல் 5 வயதுக்குள் திக்கல் தொடங்குவது சகஜம், பெரும்பாலான குழந்தைகளுக்கு விலகிவிடும். "மெதுவா பேசு", "மூச்சு வாங்கிட்டுப் பேசு" என்று சொல்லாமல், நீங்கள் நிதானமாகப் பேசுங்கள், அவன் முடிக்கும்வரை கண்ணைப் பார்த்துக் கேளுங்கள். ஆறு மாதத்தைத் தாண்டினாலோ, குடும்பத்தில் யாருக்காவது திக்கல் இருந்தாலோ, பேசும்போது முகம் இறுகினாலோ, பேசவே தயங்கினாலோ உடனே அழைத்துச் செல்லுங்கள்.

பக்கவாதத்துக்குப் பின் என் மனைவிக்குப் பேச்சு போய்விட்டது. "தண்ணி" என்றுகூடச் சொல்ல வரவில்லை. ஆனால் பூஜையில் தேவாரம் பாடினால் கூடவே பாடுகிறாள். வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறாளா?
(கணவர், சிதம்பரம்)

இல்லவே இல்லை. இது அஃபேசியா, மூளை பாதிப்பால் மொழித் திறன் குலைந்துபோகும் நிலை. பெரும்பாலானவர்களுக்குச் சொந்தமாக வாக்கியம் அமைக்கும் வேலை மூளையின் இடது பக்கம் நடக்கிறது. 1861இல் பாரிசில் பால் புரோக்கா பார்த்த நோயாளி "டான்" என்ற ஓரசையைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாதவர். இறந்தபின் பார்த்தபோது மூளையின் இடது முன்பகுதி பழுதாகியிருந்தது. மனப்பாடமான பதிகம், ஒன்று இரண்டு எண்ணுவது, கிழமைகள், கோபத்தில் வரும் வசவு ஆகியவை வேறு வழியில் வருகின்றன, பாட்டுக்கு வலது பக்கமும் துணை செய்கிறது. இதை வைத்தே 1973இல் ராகமாகச் சொல்லிப் பேச்சுக்குக் கொண்டுவரும் ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார்கள். "தண்ணி வேணும்" என்பதை இரண்டு ஸ்வரத்தில் இழுத்து, இடது கையால் தாளம் தட்டி, முதலில் நீங்களும் அவரும் சேர்ந்து, பிறகு அவர் மட்டும். எல்லோருக்கும் பலன் தராது. பாட முடிகிறவர்களுக்கு முயன்று பார்க்கத் தக்கது.

சத்தமாகப் பேசாதீர்கள், அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. "ஆமா", "இல்ல" என்று தலையசைக்கும்படி கேளுங்கள். காபி டம்ளரையும் மோர் டம்ளரையும் காட்டிக் கேளுங்கள். அவருக்காக நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள், முக்கியமாக விருந்தாளிகள் முன்னால். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், வருடம் கழித்தும் புதுச் சொற்கள் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

மூளை முடக்குவாதம் உள்ள 6 வயது மகனுக்குப் படம் தொட்டால் பேசும் டேப்லெட் செயலி வாங்கச் சொல்கிறார்கள். அதற்குப் பழகிவிட்டால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடாதா?
(தந்தை, சேலம்)

வர வேண்டிய பேச்சை எந்தச் செயலியும் தடுத்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. சில குழந்தைகளுக்குப் பேச்சு கூடவும் செய்கிறது. பசிக்கிறது, வலிக்கிறது, இந்தச் சட்டை பிடிக்கவில்லை என்று சொல்ல அவனுக்கு இன்றைக்கே ஒரு வழி வேண்டும். சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழும் உண்டு. விலை அதிகம் என்றால் காகிதத்தில் படம் ஒட்டிய அட்டையோடு தொடங்குங்கள். அவன் தொடும்போது நீங்களும் அதே படத்தைத் தொட்டுப் பேசுங்கள்.

ஸ்பீச் தெரபிஸ்ட் என்று போர்டு போட்டவர் எல்லோரும் படித்தவர்களா?
(வாசகர், திருநெல்வேலி)

இல்லை. பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற நான்கு வருடப் பட்டப்படிப்பும், இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆர்.சி.ஐ. நம்பர் என்றாலே புரியும். கேட்பதில் தப்பே இல்லை. பயிற்சியின்போது உங்களை வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினால், உள்ளே வந்து பார்க்கலாமா என்றும் கேளுங்கள். அங்கே அரை மணி செய்வதை வீட்டில் நாள் முழுக்கச் செய்யப்போவது நீங்கள். விழுங்கும் பிரச்சினைக்கு என்றால், இதற்கு முன் அத்தகைய நோயாளிகளைப் பார்த்திருக்கிறாரா, பேரியம் வீடியோ எடுக்க எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.