நகையைப் பூட்டுங்கள், அப்புறம் குருவைப் பார்ப்போம்

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு சாமியார் வந்து தங்கியிருக்கிறார். குரு இல்லாமல் கதி இல்லை, ஆடி முடிவதற்குள் தீட்சை வாங்கிக்கொள், 25,000 ரூபாய் ஆகும் என்கிறார். மனைவி நகையை அடகு வைக்கலாம் என்கிறாள். என்ன செய்ய?
- ஒரு வாசகர், காட்பாடி

பதில்: முதலில் நகையை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

குருவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். குடியாத்தத்தில் என் பெரியப்பா லுங்கித் தறி போட்டிருந்தார். அவர் திண்ணையில் வெற்றிலை மென்றுகொண்டிருப்பார், உள்ளே நான் தறி ஓட்டுவேன், சத்தத்தை வைத்தே "இழை அறுந்துபோச்சு, நிறுத்துடா" என்று குரல் வரும், பார்த்தால் அறுந்திருக்கும். நம் தப்பு நம் காதில் விழாது, விழுகிற காது ஒன்று பக்கத்தில் இருக்கவேண்டும், குரு என்றால் நான் புரிந்துகொண்டது அவ்வளவுதான். அந்தக் காதுக்கு உங்கள் தறிச் சத்தம் பழகவே நாளாகுமே, ஆடிக்குள் எப்படி?

பிரச்ன உபநிஷதத்தில் ஆறு பேர் கையில் சமித்தோடு, அதாவது ஹோமக் குச்சியோடு, பிப்பலாதர் என்ற ரிஷியிடம் போகிறார்கள். அவர், இன்னும் ஒரு வருஷம் தவமும் பிரம்மசரியமும் சிரத்தையுமாக இங்கே இருங்கள், அப்புறம் கேளுங்கள், எனக்குத் தெரிந்திருந்தால் எல்லாம் சொல்கிறேன் என்கிறார். தெரிந்திருந்தால்! சொல்வது ரிஷி ஐயா. உங்கள் தெருக்காரர் வாயில் அந்த ஒரு வார்த்தை வருகிறதா பாருங்கள். தட்சிணையும் படிப்பு முடிந்து கிளம்பும்போது கொடுப்பதுதான், அட்வான்ஸ் கிடையாது. பக்கத்துத் திருவண்ணாமலையில் 1896-ல் வந்து இறங்கிய ரமணர், தன் குரு அந்த மலைதான் என்றவர், யாருக்கும் முறைப்படி தீட்சை கொடுத்ததே இல்லை.

சரி, மனைவியையும் கூட்டிக்கொண்டு விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்குப் போய்வாருங்கள். அப்பாவை இழந்த சிறுவன் சிவசர்மன், அவனுடைய பூஜை உரிமையைப் பங்காளிகள் பறிக்கப் பார்க்க, மார்க்கபந்தீஸ்வரரே கிழவராக வந்து அவனைக் குளத்தில் முழுக வைத்து, பூணூல் போட்டு, தீட்சை கொடுத்தார் என்று தலபுராணம் சொல்கிறது. மறுநாள் அபிஷேகத்துக்குப் பையனுக்குக் கை எட்டவில்லை, லிங்கம் தலையைச் சாய்த்துக் கொடுத்தது. குனிந்தது சிஷ்யன் இல்லை, கவனியுங்கள். கார்த்திகைக் கடை ஞாயிறு கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல் சாதாரண நாளாகப் பார்த்துப் போனால், இன்றைக்கும் இருக்கிற அந்தச் சாய்வை நின்று பார்க்கலாம்.