வீட்டில் எஞ்சின் மாற்றிய பழைய லொறி: இலக்கத்தை அடிப்பதா, பதிவைத் திருத்துவதா?

கேள்வி: என்னிடம் 1970களில் பதிவான பெட்போர்ட் டீசல் லொறி உள்ளது. பதிவுப் புத்தகம் ரொறன்ரோவில் வசிக்கும் பெரியப்பாவின் பெயரில் இருக்கிறது. பழைய எஞ்சின் முற்றாகப் பழுதடைந்ததால், கொழும்பில் வாங்கிய ரீகண்டிஷன் இசுசு எஞ்சினை மைத்துனரும் நானும் வீட்டுக் கொட்டிலில் வைத்துப் பொருத்தினோம். லொறி நன்றாக ஓடுகிறது. வெங்காயத்தைத் தம்புள்ளைக்கு ஏற்ற வேண்டும். பழைய எஞ்சின் இலக்கத்தைப் புதிய எஞ்சினில் அடித்துவிட்டால் பிரச்சினை வராது என்று தரகர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? (அச்சுவேலி வாசகர்)

பதில்: செய்யக்கூடாது. இப்போது உங்களிடம் இருப்பது பதிவேட்டோடு பொருந்தாத ஒரு வாகனம் மட்டுமே. அந்தக் குறையை விண்ணப்பித்துச் சீர்செய்ய வழியுண்டு. எஞ்சினிலுள்ள உண்மையான இலக்கத்தை அரைத்து அழித்துவிட்டு வேறோர் இலக்கத்தை அடித்த கணத்தில், அது ஏமாற்றும் எண்ணத்துடன் செய்த காரியமாகிவிடும். தண்டனைச் சட்டக்கோவை ஆவணம் என்பதைக் கடதாசியோடு நிறுத்தவில்லை. சான்றாகப் பயன்படும் நோக்குடன் எந்தப் பொருளின்மீதும் எழுத்தாலோ இலக்கத்தாலோ குறியாலோ பதிக்கப்படுவதும் அதன் வரைவிலக்கணத்துள் அடங்கும் என்பதால், இரும்பில் அடித்த இலக்கத்துக்கும் போலி ஆவணக் குற்றச்சாட்டு எழ இடமுண்டு. சந்தேகம் எழுந்தால் பொலிஸார் வாகனத்தைத் தடுத்துவைத்து அரச பகுப்பாய்வாளரின் அறிக்கையைக் கோரலாம். மேற்பரப்பை அரைத்தாலும் அடித்த இலக்கத்தின் தடம் உலோகத்துக்குள் பல வேளைகளில் எஞ்சியிருக்கும். அந்த நிலையில் நீதவான் முன் நிற்கப்போவது நீங்களேயன்றித் தரகர் அல்ல.

வீட்டில் வைத்து எஞ்சின் மாற்றியதே குற்றமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. தொழிலாகக் கராஜ் நடத்தினால்தான் பிரதேச சபையின் அனுமதி பற்றிய கேள்வி வரும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டிய யாழ்ப்பாணத்தில், ஒரு பெட்போர்ட்டுக்குள் இசுசு எஞ்சின் ஏறியதைக் கண்டு யாரும் வியக்கப்போவதில்லை. சட்டம் கேட்பது வேறு: மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்படி பதிவேட்டிலுள்ள விபரங்கள் வாகனத்தின் உண்மை நிலையோடு ஒத்திருக்க வேண்டும். உங்கள் லொறியில் எஞ்சின் இலக்கம் மட்டும் மாறவில்லை. பழையது பெட்போர்ட்டின் 330 வகையாயின் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 5.4 லீற்றர், எல்ஃப் லொறிகளிலிருந்து வரும் இசுசு எஞ்சின்களில் பரவலாகக் கிடைப்பது 4.3 லீற்றர். கொள்ளளவு, எடை ஆகிய விபரங்களும் மாறியிருந்தால் அவற்றையும் சேர்த்தே திருத்த விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தை யாழ்ப்பாண மாவட்ட மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துத் தொடங்குங்கள். மோட்டார் வாகனப் பரிசோதகர் லொறியை நேரில் பார்ப்பார்.

அங்கே முதலில் எழும் கேள்வி அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதாகவே இருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வாகனங்களை உயிர்ப்பிக்கும் வேலை எங்கும் பெருகியது. திருட்டு வாகனங்களிலிருந்து கழற்றிய பாகங்களும் சந்தைக்கு வருவதுண்டு. ஆகவே எஞ்சின் இலக்கம் தெளிவாகக் குறிப்பிடப்பட்ட விற்பனைப் பற்றுச்சீட்டையும், கடைக்காரரிடமிருந்து சுங்க இறக்குமதி ஆவணத்தின் பிரதியையும் இப்போதே பெற்றுக்கொள்ளுங்கள். இலக்கம் இல்லாமல் ‘எஞ்சின் ஒன்று’ என்று மட்டும் எழுதிய துண்டுச்சீட்டு உங்களைக் காப்பாற்றாது. கழற்றிய பழைய எஞ்சினைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். அதன் இலக்கமும், லொறியின் தொடாத செசி இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போவதைக் காட்ட முடிந்தால், எதை எதற்குப் பதிலாகப் பொருத்தினீர்கள் என்பது கண்முன்னே நிரூபணமாகும்.

உங்கள் கடிதத்தில் எஞ்சினைவிட என்னை யோசிக்கவைத்தது பெரியப்பாவின் பெயர்தான். பதிவுத் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் பதிவுசெய்யப்பட்ட உரிமையாளர். லொறி உங்கள் முற்றத்தில் நிற்பதால் அந்த உரிமை உங்களுக்கு வந்துவிடாது. ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அவர் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) ஒன்றை உறுதிப்படுத்தி அனுப்ப, அதை இங்கே பதிவுசெய்து நீங்கள் அவருக்காகக் கையொப்பமிடலாம். அந்தத் தத்துவத்தில் எஞ்சின் விபரத் திருத்தத்துக்கும் உரிமை மாற்றத்துக்கும் வெளிப்படையாக அதிகாரம் தரப்பட்டிருக்க வேண்டும். ஆயினும் அற்றோணித் தத்துவத்தோடு நின்றுவிடாமல் லொறியை உங்கள் பெயருக்கே மாற்றிக்கொள்வதுதான் என் ஆலோசனை. தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். அதன்பின் லொறி அவரது மரணச் சொத்தாகி, கனடாவிலும் இங்கும் உள்ள உரித்தாளர்கள் எல்லோரிடமும் நீங்கள் அலைய நேரும். அத்தோடு, விபத்தில் பாதிக்கப்பட்டவரின் சட்டத்தரணி முதலில் தேடுவது பதிவேட்டிலுள்ள பெயரையே. திகதியிடாத வெற்றுப் படிவத்தில் அவரிடம் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கத்தை மட்டும் பின்பற்றாதீர்கள்.

பரிசோதனைக்கு முன் மைத்துனரிடம் இரண்டு விடயங்களைக் கேளுங்கள். ஜப்பான் எல்ஃப் எஞ்சின்கள் பொதுவாக 24 வோல்ட்டுக்கு அமைந்தவை. உங்கள் லொறியின் விளக்குகளும் ஹோர்னும் 12 வோல்ட்டாக இருந்தால் அதற்கு என்ன செய்தார்? பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசை டீசல் எஞ்சினில் தானாகக் கிடைக்காது. அதற்கான பம்ப், பெரும்பாலும் அல்டர்னேட்டரின் பின்புறத்தில் இருப்பது, பழைய பிரேக் சேர்வோவோடு சரியாக இணைக்கப்பட்டுள்ளதா? லொறிக்குத் தகுதிச் சான்றிதழும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இன்றி வருமான அனுமதிப்பத்திரம் (வாகனத்தை வீதியில் ஓட்ட ஆண்டுதோறும் பெறும் அனுமதி) கிடையாது. பிரேக் பிடிக்காத லொறி மனிதரை மோதினால் வழக்கு வேறு உருவம் எடுக்கும்.

காப்புறுதி நிறுவனத்துக்கு எஞ்சின் மாற்றத்தை எழுத்தில் அறிவித்து, ஒப்புதலையும் எழுத்திலேயே வாங்குங்கள். காப்புறுதி ஒப்பந்தம் முழு நேர்மையை அடிப்படையாகக் கொண்டது. மறைத்த மாற்றத்தைக் காரணங்காட்டி உங்கள் சொந்த இழப்புக்கான கோரிக்கையை நிறுவனம் மறுக்கக்கூடும். மூன்றாம் தரப்பினருக்கு நீதிமன்றக் கட்டளைப்படி பணம் செலுத்த நேர்ந்தாலும் அதை உங்களிடமிருந்து அறவிட முயலும்.

இவை முடியும்வரை லொறியை வீதியில் இறக்காதீர்கள். பரிசோதனைக்குக்கூட வேறு வாகனத்தில் ஏற்றிச் செல்லலாமா என்று அலுவலகத்திலேயே முன்கூட்டிக் கேளுங்கள். இந்தப் போக வெங்காயத்துக்கு வாடகை லொறி பிடியுங்கள். பெரியப்பாவின் கடவுச்சீட்டுப் பிரதி, பதிவுப் புத்தகம், எஞ்சின் பற்றுச்சீட்டு ஆகிய மூன்றும் கையில் வந்ததும் அற்றோணித் தத்துவத்தின் வரைவை ஒரு நொத்தாரிசைக் கொண்டு எழுதுவிக்கலாம்.