பயிற்சியில் வராத பிடிப்பு பந்தயத்தில் ஏன்?

கேள்வி: பயிற்சியில் 18 கிலோமீட்டர் வரை ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடுகிறேன். அரை மாரத்தானில் 16ஆவது கிலோமீட்டரிலேயே ஆடுசதை கல்லாய் இறுகி, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உப்புக் கரைசல் விடாமல் குடித்தும் ஏன் இப்படி?

பதில்: ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டீர்களே, முதல் ஐந்து கிலோமீட்டரை எவ்வளவு நேரத்தில் ஓடினீர்கள்? கூட்டத்தோடு கிளம்பும்போது கால் தானாகப் பறக்கும். நானும் அதில் ஏமாந்தவன். கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் பழகியிருந்துவிட்டு, முதல் மாரத்தானில் ஐந்தரையில் ஓடினேன். 32ஆவது கிலோமீட்டரில் பின்தொடை சுருட்டிக்கொண்டது. தோலுக்கடியில் எலி ஓடுவதுபோல் சதை துடித்ததைக் கண்ணால் பார்த்தேன்.

தசைக்குள் இருக்கும் சில உணர்விகள் ‘சுருங்கு’ என்று தூண்டும். தசைநாணில் இருப்பவை ‘போதும், விடு’ என்று அடக்கும். பழகாத வேகத்தில் தசை களைத்துப்போனால் முதல் குரல் ஓங்கி, இரண்டாவது அமுங்கிவிடுகிறது. பிடிப்புக்கு இன்று பலர் ஏற்கும் விளக்கம் இதுதான்.

அப்புறம் உப்பு. உப்புக் குறைவுதான் காரணம் என்றால் உடம்பு முழுவதும் அல்லவா பிடிக்க வேண்டும்? உழைத்த சதை மட்டும் ஏன்? நெடுந்தூர வீரர்களின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வுகளிலும், பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் சோடியத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கடும் வெயிலில் வியர்வை கொட்டி, பல இடங்களில் ஒரே நேரத்தில் பிடித்தால் அது வேறு கதை. அங்கே உப்புக்கும் பங்கு உண்டு.

ஒரு வேடிக்கை: 2010இல் வெளியான ஓர் ஆய்வில், மின்தூண்டலால் வரவழைத்த பிடிப்பு, வெள்ளரி ஊறுகாய்ச் சாறு குடித்த சுமார் 85 விநாடியில் விட்டது. அதற்குள் உப்பு இரத்தத்தில் போய்ச் சேராது. புளிப்பு தொண்டையில் பட்டதும் நரம்பு வழியாகவே பிடிப்பு தளர்ந்திருக்கலாம் என்கிறார்கள்.

சரி, அடுத்த முறை பிடித்தால் நின்றுவிடுங்கள். உட்கார்ந்து முழங்காலை நீட்டி, கால் விரல்களை உங்கள் பக்கமாக இழுத்து அரை நிமிடம் பிடியுங்கள். விட்டதும் பழைய வேகத்துக்குத் தாவாதீர்கள், மறுபடி பிடிக்கும். நீண்ட ஓட்டத்தின் கடைசி மூன்று நான்கு கிலோமீட்டரைப் பந்தய வேகத்தில் ஓடிப் பழகுங்கள். வாரம் இரண்டு நாள் குதிகால் உயர்த்தும் பயிற்சியும் செய்யுங்கள்.

ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனாலோ, சதை வீங்கினாலோ, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அது வெறும் பிடிப்பு இல்லை.