3 லட்சத்துக்குப் பழைய ரிவால்வர், வைப்புத்தொகையை உடைக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் 3 ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. குன்னூரில் ஓய்வுபெற்ற எஸ்டேட் மேனேஜர் ஒருவர் தன் .32 வெப்ளி ஸ்காட் ரிவால்வருக்கு 3 லட்சம் கேட்கிறார். "இங்கிலாந்து சரக்கு, தங்கம் மாதிரி ஏறும்" என்கிறார். வங்கி வைப்புத்தொகையை உடைத்து வாங்கலாமா?

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை. 1980-களின் நடுவிலிருந்து கைத்துப்பாக்கி இறக்குமதிக்குக் கெடுபிடி வந்ததால், அதற்கு முன்பே நாட்டுக்குள் வந்தவைதான் கைமாறிக் கைமாறி விலை ஏறின. ஆனால் தங்கம் மாதிரி என்பதெல்லாம் சும்மா. தங்கத்தைக் காலையில் ஊட்டிக் கடைவீதியில் கொடுத்தால் மதியத்துக்குள் பணத்தோடு திரும்பலாம். ரிவால்வரை லைசென்ஸ் உள்ளவருக்குத்தான் விற்க முடியும். அதுவும் வாங்குபவரின் பெயர், முகவரியைக் கலெக்டருக்கோ பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு 45 நாள் காத்திருக்க வேண்டும். 2019-க்குப் பிறகு ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது. ஆக, அவருக்கும் ஆள் கிடைப்பது லேசில்லை. அவசரப்படாமல் பேசுங்கள்.

விலை பேசுமுன் ஒரு கேள்வி: இத்தனை வருடமும் தோலுறைக்குள்ளேயா வைத்திருந்தார்? நம் ஊர்ப் பனிமூட்டத்தின் ஈரத்தைத் தோல் குடித்து வைத்துக்கொள்ளும். உறை ஒட்டிய இடமெல்லாம் புள்ளி புள்ளியாகத் துரு அரித்திருக்கும். புதுசு மாதிரி மின்னினாலும் நம்பாதீர்கள். பொறித்த எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருந்தால், துருவைத் தேய்த்துப் புதுப்பூச்சு போட்டிருக்கிறார்கள். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரரிடம் காட்டுங்கள். தோட்டா இல்லை என்று உறுதி செய்தபின், துப்பாக்கியின் பின்பக்கச் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்த நிலையில் சிலிண்டர் (தோட்டா போடும் உருளை) ஆடுகிறதா, குழலின் உள்பக்கம் சுத்தமா என்று அவர் பார்க்கட்டும். பழைய மாடலுக்கு உதிரிபாகம் கிடைப்பது கஷ்டம், கையால் ராவித்தான் பொருத்த வேண்டும். அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

ஒப்பிட ஒன்று சொல்கிறேன். கான்பூரில் தயாராகும் .32 நிர்பீக் ரிவால்வர் 2014-ல் சுமார் 1.22 லட்சத்துக்குப் புதிதாகவே வந்தது. நானாக இருந்தால் 1.5-ல் ஆரம்பிப்பேன், எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் 2-ஐத் தாண்ட மாட்டேன்.

வைப்புத்தொகை விஷயம்: பசுந்தேயிலை விலை விழுந்தாலும் ஆறு மாதம் குடும்பம் ஓடும் அளவு மிஞ்சினால் மட்டும் கை வையுங்கள். அட்வான்ஸ் பத்தாயிரம் போதும். மீதி, 45 நாள் முடிந்து துப்பாக்கி எண் உங்கள் லைசென்ஸில் ஏறிய பிறகு, வங்கி வழியாக. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கிக்கொண்டால் வருமான வரிச் சட்டப்படி விற்பவருக்கே அபராதம்.

அப்புறம், தோலுறையை இலவசமாகத் தருகிறேன் என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.