வேகமாக ஓடுகிறவர்கள் மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு வாரம் மூன்று மாலை தடகளப் பயிற்சி கொடுக்கிறேன். சம்பளம் எதுவும் கிடையாது. எல்லோரும் 9 முதல் 14 வயதுக்குள். நாற்பது பேரோடு தொடங்கியது, இப்போது பாதிக்கு வந்துவிட்டது. தோற்றதால் நின்றுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நீளம் தாண்ட ஒரே மணல் குழிதான் இருக்கிறது. நன்றாக ஓடும் ஏழெட்டுப் பேரின் பெற்றோர், 'இவர்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பதக்கம் வரும்' என்று நெருக்குகிறார்கள். திரட்டிய பணத்தில் ஸ்டார்ட்டிங் பிளாக் (ஓட்டம் தொடங்கும்போது காலை ஊன்றி உந்தும் கட்டை) வாங்கவும் சொல்கிறார்கள். என்ன செய்வது?
- ஒரு பயிற்சியாளர்

பதில்: பிரிக்காதீர்கள். இந்த வயதில் வேண்டவே வேண்டாம்.

பெண் பிள்ளைகள் கிடுகிடுவென்று வளர்வது ஏறக்குறைய 12 வயதில், பையன்கள் 14 வாக்கில். அதிலும் ஓரிரு வருஷம் முன்னே பின்னே ஆகும். இன்று எல்லோரையும் முந்துகிற பன்னிரண்டு வயதுப் பையன் திறமைசாலியாக இருக்கலாம். மற்றவர்களுக்கு முன்னால் வளர்ந்துவிட்டவனாகவும் இருக்கலாம். ஸ்டாப்வாட்சுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நீங்கள் கழித்துவிடும் குள்ளப் பையன் இரண்டு வருஷத்தில் அவனைத் தாண்டிப் போகக்கூடும், அப்போது அவன் உங்கள் மைதானத்தில் இருக்க மாட்டான்.

அதைவிட, பாதிப் பேர் ஏன் நின்றார்கள் என்று பாருங்கள். தோற்றதால் என்று நினைக்கிறீர்கள். வரிசையில் நின்று நின்று சலித்துப் போனதால் என்பது என் ஊகம். ஒரே மணல் குழி, இருபது பிள்ளைகள். ஒருவர் ஓடி வந்து தாண்டி, அதை அளந்து, மணலைச் சமன் செய்ய ஒரு நிமிஷம் பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்கு மூன்றே தாண்டல்! மீதி ஐம்பத்தேழு நிமிஷமும் முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க யார் வருவார்கள்?

பயிற்சி நாளில் டேப்பை எடுக்காதீர்கள். சின்னவர்களைக் குழியின் நீளவாக்கு ஓரத்தில் நிறுத்தி, நின்ற இடத்திலிருந்தே தாண்டச் சொன்னால் நான்கு பேர் ஒன்றாகத் தாண்டலாம். கூட்டத்தை மூன்றாகப் பிரித்து, ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று கால் மணிக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். கடைசியில் எல்லோருக்கும் ரிலே. அணிகளை நீங்களே பிரியுங்கள், பிள்ளைகளிடம் விட்டால் வேகமானவர்கள் ஒரே பக்கம் சேர்ந்துவிடுவார்கள். ஒவ்வொரு அணியிலும் ஒரு வேகக்காரரும் ஒரு மெதுவானவரும் கட்டாயம். மறுநாள் அவர்களைத் திரும்ப வரவைப்பது பெரும்பாலும் அந்தப் பத்து நிமிஷம்தான்.

எறிதலில் மட்டும் கறாராக இருங்கள். பெரியவர் ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும். எல்லோரும் ஒரே திசையில் எறிய வேண்டும், எறியாதவர்கள் கோட்டுக்குப் பின்னால். கடைசி ஆள் எறிந்து முடித்து, நீங்கள் சொன்ன பிறகே எல்லோரும் சேர்ந்து எடுக்கப் போக வேண்டும், அதுவும் நடந்து. சின்னவர்களுக்கு இரும்புக் குண்டு எதற்கு? மெடிசின் பால் என்கிற கனமான பயிற்சிப் பந்து போதும்.

பெற்றோருக்கு வேலை கொடுங்கள். வேலை இல்லாத பெற்றோர்தான் ஓரத்தில் நின்று யோசனை சொல்வார்கள். ஒருவர் மணல் சமன் செய்யட்டும், ஒருவர் எறிதல் கோட்டைக் கவனிக்கட்டும், ஒருவர் நேரம் எடுக்கட்டும். ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கிச் சத்தத்துக்கு அல்ல, அதன் புகையைக் கண்டதும் ஸ்டாப்வாட்சை அழுத்த வேண்டும். துப்பாக்கி இல்லையென்றால், கொடி இறங்கியதும். 14.31 விநாடி வந்தால் 14.4 என்று எழுத வேண்டும், கையால் எடுத்த நேரத்தை மேல்நோக்கி முழுமையாக்குவதே விதி. தன் பிள்ளை ஓடும் லேனுக்கு மட்டும் தகப்பனை நேரம் பார்க்க விடாதீர்கள், கட்டைவிரலுக்கும் பாசம் உண்டு. இந்த நேரங்களை ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கமாக எழுதிவையுங்கள். போன முறை ஓடியதைவிட எவ்வளவு குறைந்தது என்பதை மட்டும் அவரவரிடம் சொல்லுங்கள், யார் முதல் என்ற பட்டியல் வேண்டாம்.

நன்றாக ஓடுகிறவர்களின் ஆசையும் நியாயமானதே. 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் ஒரு நாள் கூடுதலாக வையுங்கள். அதற்குத் தகுதி நேரத்தை வைத்து வேண்டாம், வருகையை வைத்து: தவறாமல் வருகிற யாரும் சேரலாம். ஒரு பிள்ளைக்கு வயது எத்தனையோ, வாரத்தில் அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. எல்லா விளையாட்டையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு, அதனால் வேறு எங்கே என்ன ஆடுகிறார்கள் என்றும் கேளுங்கள். குதிகாலிலோ முழங்காலுக்குக் கீழேயோ வலி என்றால் 'வளர்கிற வயசு' என்று தள்ளிவிடாதீர்கள். வளரும் எலும்பில் தசைநார் பிடித்து இழுக்கும் இடங்கள் அவை. நொண்டினால் அன்றைக்கு ஓட்டம் இல்லை, வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஸ்டார்ட்டிங் பிளாக் இப்போதைக்கு வேண்டாம். நின்றபடி புறப்படவே பாதிப் பேருக்கு இன்னும் வரவில்லையே. அந்தப் பணத்தில் கோன்கள், ரிலேயில் கைமாற்றும் பேட்டன் நான்கைந்து, நீளமான டேப் ஒன்று, மணலுக்கு இரண்டாவது வாரி வாங்குங்கள். வாரியைக் கீழே போடும்போது பற்கள் தரையைப் பார்த்து இருக்கட்டும்.