ஊசி போட்டாலும் சாப்பிட வேண்டும்

வாசகர் கேள்விகளுக்கு உணவு ஆலோசகர் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எடை குறைக்கும் ஊசி, மாத்திரை, பொடி பற்றித்தான். மதுரையில் 22 வருடமாக உணவு ஆலோசகராக இருக்கிறேன். இத்தனை பேர் ஒரே சமயத்தில் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. 2025 மார்ச்சில் டிர்செபடைடு, ஜூனில் உடல் பருமனுக்கான செமாகுளுடைடு என்று பசியைக் குறைக்கும் இரண்டு ஊசி மருந்துகள் இந்தியாவில் விற்பனைக்கு வந்த பிறகு, ஊசியின் பெயர் தெரியாதவர்களே இல்லை என்றாகிவிட்டது. அதோடு எப்படிச் சாப்பிடுவது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. நான்கு கடிதங்களை எடுத்துக்கொண்டேன். முதலாவதற்குப் பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"எனக்கு 43 வயது, வங்கி வேலை. 83 கிலோ இருந்தேன். மருத்துவர் எழுதிக்கொடுத்து நான்கு மாதமாக வாரம் ஒரு ஊசி போடுகிறேன். இப்போது 74. பசியே இல்லை மேடம். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கிண்ணம் தயிர்சாதம், ராத்திரி நான்கு பிஸ்கட், அரை டம்ளர் பால். நடுவில் இரண்டு காபி. எடை இன்னும் வேகமாகக் குறைய இதையும் பாதியாக்கலாமா? முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது, மாடிப்படி ஏறினால் தொடை நடுங்குகிறது. இது ஊசியின் பக்கவிளைவா?" – வாசகி, கரூர்

பாதியாக்காதீர்கள். இப்போது சாப்பிடுவதே போதாது.

நீங்கள் எழுதியதை ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். சட்னி, காபிச் சர்க்கரை எல்லாம் சேர்த்தும் 650 கலோரி பக்கம்தான் வருகிறது. புரதம் சுமார் 20 கிராம். வேலையாக உட்கார்ந்தே இருக்கிற, 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் கணக்கு ஒரு நாளைக்கு 1660 கலோரி, 46 கிராம் புரதம். எடை குறைய வேண்டும் என்பதால் கலோரியைக் குறைக்கிறோம், சரி. புரதத்தைக் குறைக்க எந்தக் காரணமும் இல்லை. எடை இறங்கும் காலத்தில் அது கூடத்தான் வேண்டும்.

தொடை நடுங்குவதற்கு வருகிறேன். போன மாதம் என்னிடம் ஒரு அம்மா வந்தார். ஊசியில் 11 கிலோ குறைந்திருந்தார், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பேசி முடித்து எழும்போது இரண்டு கையையும் நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றி எழுந்தார். எனக்குச் சுருக்கென்றது. "கையை மார்பில் கட்டிக்கொண்டு ஒரு தடவை எழுந்திருங்களேன்" என்றேன். பாதி எழுந்தார், அப்படியே பின்னால் சரிந்து உட்கார்ந்துவிட்டார். மறுபடி முயன்றார், முட்டி இரண்டும் உள்பக்கம் சாய்ந்தன. வயது 51தான். குறைந்த 11 கிலோவில் கொழுப்போடு தொடைச் சதையும் போயிருந்தது.

எடை எப்படிக் குறைந்தாலும் கொஞ்சம் சதை போகும். ஊசியில் வேகமாகக் குறைவதால் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. செமாகுளுடைடின் பெரிய ஆய்வில் ஒரு பகுதியினரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். குறைந்த எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு, கொழுப்பல்லாத எடை. அதே ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 விழுக்காடு எடை குறைந்தது என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். அதில் இருந்தவர்களுக்குத் தினமும் 500 கலோரி மட்டும் குறைத்துச் சாப்பிடவும், வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்யவும் ஆலோசனை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. உணவும் நடையும் சேர்ந்துதான் அந்த 15. இன்னொன்று: ஊசியை நிறுத்திய ஒரு வருடத்தில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியது. ஏறுவது பெரும்பாலும் கொழுப்பாகத்தான் ஏறும். அதனால்தான் இப்போதே சதையைக் காப்பாற்றச் சொல்கிறேன்.

முடி கொட்டுவதும் பெரும்பாலும் வேகமாக எடை இறங்கியதாலும் புரதம், இரும்புச்சத்துப் பற்றாக்குறையாலும்தான். பிரசவத்துக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் கொட்டுமே, அதே மாதிரி. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது), தைராய்டு மூன்றையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், சாப்பாடு. பசி இல்லாதபோது மூன்று வேளை இலை போட்டுச் சாப்பிடச் சொன்னால் உங்களால் முடியாது. சின்னச் சின்னதாக ஐந்து வேளை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேளையும் புரதத்தை முதலில் சாப்பிடுங்கள். வயிறு நிறைந்துவிட்டால் சோறு மிஞ்சட்டும். காலையில் இரண்டு முட்டை, ஒரு இட்லி, கெட்டிச் சாம்பார். 11 மணிக்கு ஒரு டம்ளர் பால், அல்லது அதே பாலில் காபி. மதியம் முதலில் இரண்டு துண்டு மீன், அப்புறம் ஒரு கைப்பிடி சோறு, ஒரு காய், கொஞ்சம் தயிர். மாலை அரைக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். ராத்திரி ஒரு சப்பாத்தியோடு கோழிக்கறியோ பனீரோ உள்ளங்கை அளவு. இது ஏறக்குறைய 1200 கலோரி, 70 கிராம் புரதம். கூடப் பத்து நிலக்கடலை வாயில் போட்டாலும் ஒன்றும் ஆகிவிடாது.

அசைவம் கிடையாது என்றால் மீன் இருந்த இடத்தில் கெட்டிப் பருப்பும் பனீரும், முட்டை இருந்த இடத்தில் அடையோ பாசிப்பயறு தோசையோ வரட்டும். சோயா உருண்டை வாரம் இரண்டு நாள் சேர்க்கலாம். குமட்டலாக இருக்கும் நாளில், அதாவது ஊசி போட்ட மறுநாள், எண்ணெய்ப் பண்டத்தைத் தொடாதீர்கள். இட்லி, மோர், வேகவைத்த முட்டை என்று கடத்துங்கள். இந்த ஊசியில் தாகமும் மந்தமாகும் என்பதால் தண்ணீரை நினைவு வைத்துக் குடிக்க வேண்டும். மலச்சிக்கல் பாதி அதிலேயே சரியாகும்.

850 கலோரியில்கூட மருத்துவர்கள் சிகிச்சை கொடுப்பதில்லையா என்று யாராவது உங்களிடம் சொல்லலாம். கொடுக்கிறார்கள். பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகளுக்கு அப்படிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு எனக்கும் தெரியும். அது வைட்டமின், தாதுக்கள், புரதம் எல்லாம் அளந்து சேர்த்த பானம். மூன்று முதல் ஐந்து மாதம், கண்காணிப்போடு. இட்லியும் பிஸ்கட்டும் தின்று 650 கலோரியில் இருப்பதை அதோடு சேர்க்க முடியாது.

உடற்பயிற்சிக்கு ஜிம் வேண்டாம், முதல் மாதம் வீடு போதும். ஒன்றுவிட்டு ஒரு நாள்: நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது, பத்துப் பத்தாக மூன்று தடவை. சுவரில் கை வைத்துத் தள்ளுவது அதேபோல். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் கைக்கு ஒன்றாகத் தூக்கி இறக்குவது. அது கைக்கு ஒரு கிலோ எடை. மற்ற நாளில் நடை. அந்த அம்மாவுக்கும் இதைத்தான் கொடுத்தேன். ஆறாவது வாரம் கையைக் கட்டிக்கொண்டு எட்டு தடவை எழுந்தார்.

உங்கள் மருத்துவரிடம் இப்போது சாப்பிடும் அளவை அப்படியே சொல்லுங்கள். பசி இந்த அளவுக்குச் செத்துப்போனால் ஊசியின் அளவைக் கூட்டாமல் நிறுத்திவைப்பார், அல்லது குறைப்பார். மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி முதுகுக்குப் பாய்ந்து வாந்தியும் வந்தால் அடுத்த நாள் வரை காத்திருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

"வயது 38, 96 கிலோ. ஆட்டோ உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். ஆர்லிஸ்டாட் 120 கேப்ஸ்யூல் நானாகவே வாங்கி மூன்று வேளையும் போடுகிறேன். அது கொழுப்பை வெளியே தள்ளிவிடும் என்கிறார்களே, அதனால் வாரம் மூன்று நாள் ராத்திரி பரோட்டா சால்னாவை விடவில்லை. இரண்டு மாதத்தில் ஒரு கிலோ. போன வாரம் கடையில் இருக்கும்போதே உள்ளாடையில் எண்ணெய் கசிந்துவிட்டது. வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது." – வாசகர், நாமக்கல்

வெட்கப்பட ஒன்றுமில்லை தம்பி, அந்த மருந்து வேலை செய்யும் விதமே அதுதான். குடலில் கொழுப்பைச் செரிக்க வைக்கும் நொதியை அது தடுக்கிறது. சாப்பிட்ட கொழுப்பில் சுமார் 30 விழுக்காடு செரிக்காமல் அப்படியே வெளியே வரும். எண்ணெய் எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு கசிவு.

கணக்கைப் பாருங்கள். உங்கள் பரோட்டா சால்னாவில் 40 கிராம் கொழுப்பு என்று வைப்போம். அதில் 12 கிராம் வெளியே போகும். ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. ஆக 108 கலோரி மிச்சம். மீதி 28 கிராம் கொழுப்பும் உள்ளேதான். மைதாவை அந்தக் கேப்ஸ்யூல் தொடக்கூடத் தொடாது.

இந்த மருந்தோடு ஒரு வேளைக்கு 20 கிராம் கொழுப்புக்குள் நின்றால் கசிவு பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கு வீட்டு எண்ணெயை அளக்க வேண்டும். மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று வீட்டில் கேளுங்கள். மூன்று பேருக்கு 4 லிட்டர் என்றால் ஆளுக்குத் தினம் 44 மில்லி. எண்ணெயில் மட்டும் கிட்டத்தட்ட 360 கலோரி. அதை இரண்டரை லிட்டருக்குக் கொண்டு வாருங்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, தூக்கிலிருந்து சட்டியில் சாய்த்து ஊற்றுவதை விட்டுவிட்டு டீஸ்பூனால் ஊற்றுங்கள் என்பதுதான். ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரியும். பரோட்டா மாதத்துக்கு இரண்டு தடவை, சால்னாவின் மேல் எண்ணெயை ஒதுக்கிவிட்டு.

கொழுப்பே இல்லாத வேளைக்குக் கேப்ஸ்யூல் தேவையில்லை. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கொழுப்போடு சேர்ந்து வெளியேறிவிடும் என்பதால் ஒரு மல்டிவைட்டமின் வேண்டும், படுக்கும்போது, கேப்ஸ்யூலுக்கு இரண்டு மணி நேரமாவது தள்ளி. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும். நீங்களாகவே வாங்கிப் போடுவதை நிறுத்திவிட்டு ஒரு மருத்துவரைப் பாருங்கள். இரண்டு மாதத்தில் ஒரு கிலோதான் என்றால் இதைத் தொடர வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும்.

"எனக்கு 24 வயது. தை மாதம் கல்யாணம். தெரிந்த அக்கா மூலமாக வாங்கிய 'நூறு சதவீதம் மூலிகை' கேப்ஸ்யூலில் மூன்று வாரத்தில் 5 கிலோ குறைந்துவிட்டது. ஆனால் நெஞ்சு படபடக்கிறது, வாய் வறள்கிறது, தூக்கம் இல்லை. டப்பாவில் குடம்புளி என்று மட்டும் போட்டிருக்கிறது. தொடரலாமா?" – வாசகி, நாகர்கோவில்

இன்றே நிறுத்திவிடுங்கள் தங்கச்சி. டப்பாவைத் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டி ரத்த அழுத்தம், ஈசிஜி, கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

குடம்புளியை மீன் குழம்பில் போட்டு நீங்கள் சின்ன வயதிலிருந்து சாப்பிடுகிறீர்கள். என்றைக்காவது நெஞ்சு படபடத்ததா? குழம்பில் போடும் இரண்டு சுளை வேறு, அதன் அமிலத்தைச் செறிவாக்கி அடைத்த கேப்ஸ்யூல் வேறு. அதனால் கல்லீரல் கெட்டுப்போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. எடை குறைந்ததற்குத்தான் உருப்படியான ஆதாரம் இல்லை. அதைவிட எனக்குப் பயம் உங்கள் மற்ற அறிகுறிகளைப் பார்த்துத்தான். பசி செத்து, வாய் வறண்டு, இதயம் வேகமாக அடித்துத் தூக்கமும் போனால், சிபுட்ராமின் என்ற பசியடக்கி மருந்து கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்டு, 2011இல் இந்தியாவிலும் தடை செய்யப்பட்ட மருந்து அது. மூலிகை என்று எழுதிய டப்பாக்களுக்குள் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. அந்த அக்காவிடமும் சொல்லுங்கள், அவர் வேறு யாருக்கெல்லாம் கொடுத்தாரோ.

தைக்குள் எவ்வளவு குறைக்கலாம்? வாரத்துக்கு அரைக் கிலோ. புடவையில் வித்தியாசம் தெரிய அது போதும். ஈசிஜி சரியாக இருந்தால், இந்த முகவரிக்கே உங்கள் ஒரு நாள் சாப்பாட்டை எழுதி அனுப்புங்கள், திட்டம் போட்டுத் தருகிறேன்.

"நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 64, 75 கிலோ. சர்க்கரைக்கு கிளிமெபிரைடு சாப்பிடுகிறேன். இடுப்பில் வியர்வை பெல்ட் கட்டிக்கொண்டு காலையில் 45 நிமிடம் நடக்கிறேன். அன்றைக்கே முக்கால் கிலோ குறைகிறது, மறுநாள் ஏறிவிடுகிறது. காரணம் என்ன?" – வாசகர், திருவாரூர்

ஐயா, பெல்ட் வெளியே எடுத்தது வியர்வையை. தண்ணீர் குடித்ததும் அது திரும்ப வந்துவிடுகிறது. கொழுப்பு அங்கேயேதான் இருக்கிறது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு நடங்கள். உங்கள் வயதில் வெயிலில் அப்படி வியர்ப்பது நல்லதல்ல.

உங்கள் நடைக்குச் செலவாவது 150 கலோரி சுற்றி இருக்கும். முடித்துவிட்டு டீக்கடையில் இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட டீயும் என்றால் அந்தக் கணக்கு அங்கேயே தாண்டிவிடும். அதற்காக நடையை விட்டுவிடாதீர்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அது செய்கிற நல்லதை எந்தத் தராசும் காட்டாது. வடையை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கிளிமெபிரைடு போட்டுவிட்டுச் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும். கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டினால் அது எடை குறைகிற அறிகுறி என்று நினைத்துவிடாதீர்கள். சட்டைப் பையில் குளுக்கோஸோ நான்கு மிட்டாயோ எப்போதும் இருக்கட்டும். உணவைக் குறைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி மாத்திரையின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தினமும் தராசில் ஏறாதீர்கள். வாரம் ஒரு நாள், காலையில், ஒன்றும் சாப்பிடுவதற்கு முன்னால் போதும். அதோடு தையல் டேப்பால் இடுப்பையும் அளந்து எழுதிவையுங்கள்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு, வயிற்றை எக்காமல். ஆண்களுக்கு 90 செண்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அடுத்த கடிதத்தில் அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள்.