காருக்கான வழிகாட்டிக் கருவி: வாங்குமுன் எதைச் சோதிக்க வேண்டும்?

கேள்வி: கைபேசிச் சிக்னல் அடிக்கடி அறுந்துபோகும் சாலைகளில் நான் கார் ஓட்ட வேண்டியிருக்கிறது. கழற்றி மாட்டக்கூடிய ஜி.பி.எஸ். வழிகாட்டிக் கருவி வாங்க எண்ணுகிறேன். பிறர் பயன்படுத்திய பழைய கருவி ஒன்றும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. தரத்தை எப்படி மதிப்பிடுவது?

பதில்: வரைபடம் முழுவதும் கருவியின் நினைவகத்திலேயே இருப்பதாலும், செயற்கைக்கோள் சிக்னலைப் பெற இணையம் தேவைப்படாததாலும், உங்கள் தேவைக்கு இது பொருந்தும். எனினும், கைபேசியிலும் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். அதைச் சில பயணங்களில் முயன்று பார்த்து, போதாது என்று தோன்றினால் மட்டும் தனிக்கருவிக்குச் செலவிடுங்கள்.

இடத்தை எத்தனை மீட்டர் துல்லியமாகக் காட்டும் என்பதைத்தான் பலரும் முதலில் கேட்கிறார்கள். திறந்த வானத்தின் கீழ் இன்றைய கருவிகள் பெரும்பாலும் சில மீட்டர் பிழைக்குள் இடத்தைக் கணித்துவிடுவதால், அதை வைத்து ஒன்றை உயர்த்தியும் மற்றொன்றைத் தாழ்த்தியும் பேசுவதில் பயனில்லை. கருவிக்குக் கருவி உண்மையில் வேறுபடுவது வரைபடமும், அதைக் கொண்டு பாதையைத் தேர்ந்தெடுக்கும் முறையுமே.

ஆகவே, அண்மையில் திறக்கப்பட்ட புறவழிச்சாலை, ஒருவழியாக மாற்றப்பட்ட தெரு போன்று நீங்கள் நன்கறிந்த மாற்றங்கள் வரைபடத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ‘வாழ்நாள் முழுவதும் இலவசப் புதுப்பிப்பு’ என்ற வாசகம் பொதுவாக, அந்த மாடலுக்கு நிறுவனம் ஆதரவளிக்கும் காலத்தையே குறிக்கும். ஆண்டுதோறும் வரைபடத்தின் அளவும் பெருகுவதால், கூடுதல் மெமரி கார்டு போட இடமிருப்பது நல்லது.

அடுத்து, மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாதையில் ஓட்டிப் பாருங்கள். போக்குவரத்து குறைவான நேரத்தில் ஒரு திருப்பத்தை வேண்டுமென்றே தவறவிட்டால், நல்ல கருவி சில நொடிகளில் மாற்றுவழியைக் கணக்கிடும். மோசமானது, திரும்பவே முடியாத இடத்திலும் வண்டியைத் திருப்பச் சொல்லிக்கொண்டிருக்கும். குரல் அறிவிப்பு, நீங்கள் தடம் மாறுவதற்கு அவகாசம் இருக்கும்போதே வருகிறதா என்பதையும் கவனியுங்கள்; சந்திப்பை அடைந்தபின் வரும் அறிவிப்பு ஆபத்தானது. மேம்பாலமும் அதன் கீழே செல்லும் சாலையும் இணையாக உள்ள இடம் கடினமான சோதனை. அங்கே சில மீட்டர் பிழைகூட எந்தச் சாலையில் இருக்கிறீர்கள் என்பதைக் குழப்பிவிடும். உயரமான கட்டடங்களில் பட்டுத் தெறித்து வரும் சிக்னலாலும் இதே குழப்பம் நேரும்.

முதன்முறை இயக்கும்போது தாமதமானால் உடனே குறை சொல்லிவிடாதீர்கள். ஒரு ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் தன் துல்லியமான சுற்றுப்பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களையும் பற்றிய பொதுவிவரம் முழுமையாக வந்து சேர 12.5 நிமிடங்கள் ஆகும். வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்திச் சற்றுக் காத்திருங்கள். அதன் பிறகும் சிக்னல் பலவீனமாக இருந்தால், முன்கண்ணாடியில் உலோகப் பூச்சு உள்ளதா என்று விசாரியுங்கள். அது சிக்னலைத் தடுக்கும்.

திரையை நண்பகல் வெயிலில் பாருங்கள். கருவியைப் பார்வையை மறைக்காத, காற்றுப்பை விரியும் வழியில் இல்லாத இடத்தில் பொருத்துங்கள். மின்கலம் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும் என்பதால், சார்ஜர் இணைப்பிலேயே ஓட்டுவதாகக் கொள்ளுங்கள். வெயிலில் பூட்டிய காருக்குள் மட்டும் அதை விட்டுச்செல்லாதீர்கள். வெப்பம் மின்கலத்தைக் கெடுத்துவிடும்.

பழைய கருவியைப் பொறுத்தவரை, திரையில் காட்டும் தேதியைப் பாருங்கள். ஜி.பி.எஸ். சிக்னல் தேதியை வாரங்களாக எண்ணித் தெரிவிக்கிறது; அந்த வார எண் 1,024 வாரங்களுக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரலில் அது நிகழ்ந்தபோது, மென்பொருள் புதுப்பிக்கப்படாத சில கருவிகள் தேதியை ஏறக்குறைய 20 ஆண்டுகள் பின்னோக்கிக் காட்டத் தொடங்கின. தேதி சரியாக இருந்து, அந்த மாடலுக்குப் புதிய வரைபடமும் இன்னும் வெளிவந்துகொண்டிருந்தால் தயங்காமல் வாங்கலாம். வரைபடம் நின்றுபோயிருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.